பிள்ளைக்கு எந்தப் பாடசாலை?

1990 ஒக்டோபரில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளம், கற்பிட்டிக் கரையோரத்துக்கு வந்தபோது, பாடசாலையைத் தெரிவு செய்யும் நிலையில் யாரும் இருக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் காலையிலும் வந்த பிள்ளைகள் பின்னேரத்திலுமாக ஒரே கட்டடத்தில் படித்த இடங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளே இன்று பெற்றோர். இப்போது தெரிவு இருக்கிறது. ஆனால் பலர் பாடசாலையின் பெயரைப் பார்த்தே தெரிவு செய்கிறார்கள்.

பெற்றோரே, பெயரை விசாரிக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இங்கே எந்தத் தரம் வரை வகுப்பு உண்டு? அரசாங்கப் பாடசாலைகள் நான்கு வகை. 1ஏபியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவும் இருக்கும். 1சியில் உயர்தரம் உண்டு, விஞ்ஞானம் இல்லை. வகை 2 பதினோராம் தரத்தோடு நின்றுவிடும். வகை 3 ஐந்தாம் தரம் அல்லது எட்டாம் தரம் வரைதான்.

வகை 3 என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை நடந்து போகும் தூரத்தில், எழுத்தைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை ஒருவர் இருந்தால் அதுவே நல்ல பாடசாலை. இடர்ப்பாடு அடுத்த படியில் இருக்கிறது. ஆறாம் தரத்துக்கு பஸ் ஏறிப் போக வேண்டுமென்றால், வெங்காயம் பிடுங்கும் நாட்களில் முதலில் மறிக்கப்படுவது பெண் பிள்ளைதான். 2016 முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். ஆனால் சட்டம் பஸ் காசு தராது. ஆகவே முதலாம் தரத்தில் சேர்க்கும்போதே ஆறாம் தரம் எங்கே, எந்த பஸ், யார் கூடப் போவது என்று பேசி முடித்து விடுங்கள்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை ஆசிரியர் வந்திருக்கிறார்கள்? கணிதத்துக்கு ஆள் உண்டா? மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா? சுவரின் வர்ணத்தைப் பிறகு பார்க்கலாம்.

பலர் போட்டியிடும் பாடசாலையில் முதலாம் தரத்துக்கு வதிவிடத்தை வைத்தே பெரும்பாலும் புள்ளி வழங்கப்படும்; வாக்காளர் இடாப்பும் பார்க்கப்படும். வாக்கு மன்னாரில், வீடு இங்கே என்று பல குடும்பங்கள் நெடுங்காலம் இருந்தன. 2009க்குப் பின் பாதிப் பேர் ஊரிலும் பாதிப் பேர் இங்கேயுமாக ஆனார்கள். இரண்டு இடமும் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். விண்ணப்பப் படிவத்துக்கு அது விளங்காது. பிள்ளை தவழும் காலத்திலேயே கிராம உத்தியோகத்தரிடம் உங்கள் பதிவைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இடம் மாறிப் போகும்போது விடுகைப் பத்திரத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.