ஈரமண்ணிலும் மிளகாய்க் கன்று வாடுவதேன்?

நிலம் ஈரமாயிருக்கையிலும் மிளகாய்க் கன்றுகள் வாடி, இலையோரங் கருகுவதுண்டு. இதற்குரிய காரணங்களுட் பசளை மிகுதியும் ஒன்றாகும்.

வேர்மயிர் ஒவ்வொன்றும் ஒரு கலத்தின் நீட்சியாகும். அதன் மென்சவ்வு நீரை எளிதில் விடும். கரைந்த உப்பை அவ்வாறு விடாது. செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்கு இத்தகைய சவ்வினூடாக நீர் செல்வதே பிரசாரணம் எனப்படும். வழக்கமாகக் கலச்சாறு மண்ணீரிலுஞ் செறிவுடையது. ஆகவே நீர் வேரினுட் புகும். இலைகளில் நிகழும் ஆவியுயிர்ப்பு அந்நீரைக் காழ்க்குழாய்கள் வழியே மேலே இழுக்கும். வேர் உறிஞ்சிய நைதரசன், பொற்றாசியம் முதலிய ஊட்டங்களும் அதனுடன் செல்லும்.

பசளை அளவுக்கு மிஞ்சின் மண்ணீரே செறிவு கூடியதாகிவிடும். அப்போது வேர் நீரை உறிஞ்சமாட்டாது. உள்ள நீரையும் இழக்கக்கூடும். வெள்ளரித் துண்டொன்றை உப்பு நீரில் இட்டுவைப்பின், அது நீரிழந்து துவள்வதைக் காணலாம்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. பசளையைக் கைமதிப்பாக இடாது நிறுத்து இடுக. அமோனியஞ் சல்பேற்றில் நூற்றுக்கு 21 பங்கு நைதரசன். யூரியாவிலோ 46 பங்கு. ஒன்றின் அளவில் மற்றதை இடலாகாது.
2. சிபாரிசு செய்யப்பட்ட அளவைப் பல தடவைகளாகப் பிரித்து, தண்டிற் படாது விலக்கி இட்டு, மண்ணால் மூடி நீர் பாய்ச்சுக.
3. உவர்க்கிணற்று நீர் பாயும் நிலத்திற் கூடிய கவனங் கொள்க.

மிகுந்த பசளையை நன்னீர் பாய்ச்சிக் கழுவலாம். ஆயின், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் அது குடிநீர்க் கிணற்றையே சென்றடையும். ஆதலின் அளந்திடுதலே பயிருக்கும் குடும்பத்துக்கும் நலம்.