வெடித்தது குளிரில், ஒழுகியது மே மாதத்தில்

கேள்வி: ஸ்காபரோவில் போன வருடம்தான் சொந்த வீடு வாங்கினோம். மே மாதம் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விடப் பின்சுவர்ப் பைப்பைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் பேஸ்மென்ற் சுவரால் தண்ணீர் வழிந்து கார்ப்பெற் முழுக்க நனைந்துவிட்டது. அது குளிருக்கு உறையாத பைப் என்றுதான் வீட்டை விற்றவர்கள் சொன்னார்கள். பிறகு எப்படி வெடித்தது? இந்தக் குளிருக்கு முன் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி ஒருவர், ஸ்காபரோ

பதில்: குளிர்காலம் முழுக்க அந்தப் பைப்பில் ஹோஸ் கழற்றாமல் கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்படி நனைந்த பேஸ்மென்ற்களில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

உறையாத பைப் என்பது சுவரை ஊடுருவிப் போகும் நீளமான குழல். கைப்பிடி வெளியே; தண்ணீரை அடைக்கும் வாஷர் மறுநுனியில், வீட்டின் சூட்டுக்குள். பூட்டியதும் குழலில் மிஞ்சிய தண்ணீர் தானாக வெளியே வடிந்துவிட வேண்டும். ஹோஸ் மாட்டியிருந்தால் வடியாது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். வெளிப்பக்கம் பனிக்கட்டி, உட்பக்கம் பூட்டிய வாஷர். நடுவில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக வழியில்லாமல் செம்பையே கிழித்துவிடும். வெட்டியெடுத்துப் பார்த்தால் சின்ன வெடிப்புத்தான், விளிம்பு இரண்டும் மீன்வாய் போலப் பிதுங்கி நிற்கும். வெடிப்பு வாஷருக்கு வெளிப்புறம் இருப்பதால், பைப்பைத் திறக்கும் வரை ஒரு சொட்டும் ஒழுகாது. அதனால்தான் மே மாதம் வரை உங்களுக்குத் தெரியவில்லை.

வெடித்த பைப்பை மாற்றியாகிவிட்டதா? இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. பிறகு ஒக்டோபர் முடிவதற்குள் ஹோஸைக் கழற்றி கராஜில் வையுங்கள். பேஸ்மென்றில் அந்தக் குழாய் போகும் வழியே பார்த்தால் தனி வால்வு ஒன்று இருக்கும். அதைப் பூட்டிவிட்டு வெளிப்பைப்பைத் திறந்து விடுங்கள். பல வால்வுகளின் பக்கத்தில் சிறு பித்தளை மூடி ஒன்று இருக்கும். கீழே வாளி வைத்து அதைத் தளர்த்தினால் மிச்சத் தண்ணீரும் வடியும். மூடியை இறுக்கிவிட்டு, வெளிப்பைப்பைக் குளிர் முடியும் வரை திறந்தபடியே விடுங்கள்.

குசினி சிங்க் வெளிச்சுவரோடு இருந்தால், கடுங்குளிர் இரவுகளில் அதன் கீழ்க் கதவுகளைத் திறந்து வையுங்கள். அறைச் சூடு குழாய்க்குப் போகும். குழாய்க்குச் சுற்றும் நுரை உறை குளிரைத் தாமதப்படுத்துமே தவிரச் சூடு தராது.

பைப்பில் தண்ணீர் வராமல் நின்றுவிட்டால் பைப்பைத் திறந்து வைத்துவிட்டு, ஹெயார் டிரையரால் பைப் பக்கமிருந்து உறைந்த இடம் நோக்கிச் சூடு காட்டுங்கள். நெருப்புச் சுவாலை மட்டும் வேண்டவே வேண்டாம். சுவருக்குள் மரச்சட்டம் இருக்கிறது.

மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். பெரும்பாலும் தண்ணீர் மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும். ஊருக்குப் போகும்போது அதைப் பூட்டுங்கள், ஆனால் ஹீற்றிங்கை நிறுத்தாதீர்கள். ஆளில்லாத நாட்களில் வீட்டை யார் வந்து பார்க்க வேண்டும் என்று உங்கள் இன்சூரன்ஸ் பத்திரத்திலும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பல பத்திரங்களில் இதற்கு நிபந்தனை உண்டு.

அடுத்த வசந்தத்தில் வெளிப்பைப்புக்குத் தண்ணீரை முதன்முதலாகத் திறந்துவிடும்போது ஒருவர் பேஸ்மென்றில் நிற்கட்டும். நீங்கள் வெளியே பைப் வாயைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் விரலைத் தள்ளிக்கொண்டு பீறினால் குழல் நலம். விரலுக்கு அடங்கி நின்றுவிட்டால் உடனே பூட்டிவிடுங்கள், தண்ணீர் உள்ளே போகிறது.