கல்லுடைக்கும் இயந்திரத்தை அறிந்துகொள்வோம்

வயலை விட்டு வந்த குடும்பங்களில் பலர் கூலி தேடிக் கல்லுடைக்கும் ஆலைகளுக்குச் செல்கின்றனர். மண்வெட்டியும் நீர் இறைக்கும் இயந்திரமும் கைப்பழக்கமானவர்களுக்கு இது புதிய வேலை. ஓர் இயந்திரத்தின் பகுதிகளை அறிந்தவரே அதனருகில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பதையும் அறிவார். ஆகவே, பல ஆலைகளில் பாறைத் துண்டுகளை முதலில் உடைக்கும் தாடை இயந்திரத்தைப் பற்றி இப்பாடத்தில் பார்ப்போம்.

தோற்றம்

வீதிக்குச் சல்லி உடைப்பது முன்னர் சுத்தியலால் செய்யப்பட்ட கைவேலையாகும். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரைச் சேர்ந்த எலி விட்னி பிளேக், வீதி அமைக்கும் பணியொன்றில் இச்சிரமத்தைக் கண்டார். அவர் 1858ஆம் ஆண்டில் தாடை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய தாடை இயந்திரங்களும் அதே அடிப்படையிலேயே இயங்குகின்றன.

முக்கிய பகுதிகள்

பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அலகுகள் நெருங்கும்போது இடையிலுள்ள பாக்கு பிளக்கிறது. இங்கும் அவ்வாறே.

1. நிலைத் தாடை: இரும்புச் சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டது.

2. அசையும் தாடை: இதற்கு எதிரே சாய்வாக இருப்பது. இரண்டு தாடைகளுக்கும் இடைப்பட்ட வெளி மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். இரண்டின் முகத்திலும் மங்கனீசு கலந்த உருக்குத் தகடுகள் உண்டு. கல் அழுத்த அழுத்த இவ்வுருக்கின் மேற்பரப்பு மேலும் கடினமாகும்.

3. மையம் விலகிய அச்சு: அசையும் தாடையின் மேற்பகுதி இதில் தொங்குகிறது. அச்சு ஒருமுறை சுற்றும்போது தாடை ஒருமுறை நெருங்கி விலகும்.

4. பாரச் சில்லுகள்: தாடை விலகும்போது சக்தியைச் சேமித்து, நெருங்கும்போது கல்லை உடைக்கக் கொடுக்கின்றன. மோட்டரின் பெல்ற் இவற்றில் ஒன்றையே சுற்றுகிறது.

5. முட்டுத் தகடு: 'டொகிள்' எனப்படும் இது அசையும் தாடையின் அடிப்பகுதியைப் பின்னாலிருந்து தாங்குகிறது. தகடு விழாதபடி ஒரு கம்பியும் சுருள்வில்லும் இழுத்துப் பிடிக்கின்றன.

மேலே போட்ட கல் உடைந்து உடைந்து கீழிறங்கி, அடி இடைவெளியால் வெளியே விழும். அந்த இடைவெளியே சல்லியின் அளவைத் தீர்மானிக்கிறது. பின்னர் அரிதட்டுகள் அளவு வாரியாகப் பிரிக்கும்.

உடைவதற்கென்றே ஒரு தகடு

கல்லோடு சுத்தியல் தலையோ துளைக்கம்பித் துண்டோ விழுந்தால் என்ன நடக்கும்? இரும்பு நொறுங்காது. அப்போது முட்டுத் தகடு முதலில் உடைந்து, விலை கூடிய அச்சையும் சட்டத்தையும் காக்கிறது. அடிக்கடி உடைகிறதென்று அவ்விடத்தில் தடித்த உருக்கை வைப்பது பெருந்தவறு. அடுத்த தடவை அச்சே முறியும்.

தொழிலாளியைக் காப்பது எது?

இயந்திரத்துக்கு இப்படியொரு தகடு உண்டு. மனித உடலுக்கு இல்லை. எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

கல் சிக்கினால், இயங்கும் இயந்திரத்தினுள் கையையோ அலவாங்கையோ விடக்கூடாது. மோட்டரை நிறுத்தினாலும் பாரச் சில்லு சிறிது நேரம் சுற்றும். அது முற்றாக நிற்கவேண்டும். வேறொருவர் மீண்டும் இயக்காதபடி ஆளியைப் பூட்டவும் வேண்டும்.

பெல்ற்றுக்கும் சில்லுக்கும் மறைப்பு இருக்கவேண்டும். தளர்ந்த சாரம், சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு அருகில் போகக்கூடாது. தாடையின் வாயை எட்டிப் பார்த்தால் கல் தெறிக்கும்.

தூசியே மறைவான எதிரி. வவுனியாப் பகுதியின் கருங்கல் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் போன்றதன்று. அதில் குவாட்ஸ் என்ற படிகம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற நோயை உண்டாக்கும். இந்நோய் பெரும்பாலும் பல ஆண்டுகளின் பின்னரே தெரியவரும். குணப்படுத்த மருந்தில்லை; காசநோயும் எளிதில் தொற்றும். முகத்தில் கட்டிய துணி நுண்தூசியைத் தடுக்காது. கல் விழும் இடங்களில் நீர் தெளிப்பதும், தூசிக்கேற்ற முகக்கவசம் அணிவதும் அவசியம். சிறுவர்களை அங்கே அழைத்துச் செல்லாதீர்கள்.

கலந்துரையாடுவோம்

1. நாம் வேலை செய்யும் ஆலையில் பெல்ற்றுக்கு மறைப்பு உண்டா?

2. கல் சிக்கும்போது இயந்திரம் நிறுத்தப்படுகிறதா?

3. நீர் தெளிக்குமாறு முதலாளியிடம் ஒருவராகக் கேட்பது நல்லதா, எல்லோரும் சேர்ந்து கேட்பது நல்லதா?