நூறாண்டு வெள்ளம்

காவிரியாறு மலைகளை விட்டுச் சேலம் மாவட்டச் சமவெளியை அடையும் இடம் மேட்டூர். 1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்வழியே பாய்ந்த வெள்ளம் விநாடிக்கு ஏறத்தாழ 4,56,000 கன அடி என மதிப்பிடப்பட்டது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில், இத்தகைய பெருக்கு வடிதற்பொருட்டே பதினாறு கண் மதகு அமைந்தது.

அத்தகைய வெள்ளம் மீண்டும் என்று வரும்? நாள் குறித்தல் கணிதத்தால் ஆகாது. வாய்ப்பை அளத்தல் ஆகும். ஆண்டுதோறும் ஆற்றில் ஓடிய உச்ச வெள்ளத்தைக் குறித்துவைத்து, பெரியது முதலாக வரிசைப்படுத்துவர். குறிப்புள்ள ஆண்டுகளின் தொகையோடு ஒன்று கூட்டி, வரிசை எண்ணால் வகுப்பர். 49 ஆண்டுக் குறிப்பு இருப்பின், முதலில் நிற்பது ஐம்பதாண்டு வெள்ளம். இரண்டாவது இருபத்தைந்தாண்டு வெள்ளம். குறிப்பில் காணாத பெருவெள்ளத்தையும் மதிப்பிடும் முறையைக் கும்பெல் என்னும் அறிஞர் 1941-இல் விளக்கினார்.

எனினும் ‘நூறாண்டு வெள்ளம்’ என்னும் பெயர் மயக்கம் தருவது. ஒருமுறை வந்தபின் நூறாண்டு அச்சமின்றி உறங்கலாம் என்பது அதன் பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் அது வருதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். சென்ற ஆண்டு பெருகியதை ஆறு நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

2018 ஆகஸ்டில் நாமக்கல் மாவட்டக் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீடுகளுள் காவிரிநீர் புகுந்தது. நூறாண்டு வெள்ளம் எட்டும் உயரத்தில் ஒருவர் வீடு கட்டி, முப்பது ஆண்டு அதில் வாழ்கிறார் எனக் கொள்வோம். அவ்வெள்ளம் அவர் வாயிற்படியை ஒருமுறையேனும் தொடும் வாய்ப்பு, நூற்றுக்கு ஏறத்தாழ 26.