இன்னொரு பெட்ரூம் கட்டினால் வாடகை கொட்டுமா?

பெரம்பலூர் துறைமங்கலத்திலோ, அரியலூர் செந்துறை சாலையிலோ ஒரு சின்ன வாடகை வீடு. ஹால், சமையலறை, ஒரு பெட்ரூம். பின்னால் கொஞ்சம் காலி இடம். "அந்த இடத்தில் ஒரு ரூம் இழுத்துவிட்டால் டூ பெட்ரூம் வீடு ஆகிவிடும், வாடகையும் ஏறும்" என்று கொத்தனார் சொல்வார், மைத்துனர் சொல்வார், புரோக்கரும் சொல்வார். கட்டலாமா என்று யாரும் விவாதிப்பதில்லை. எப்போது கடைக்கால் போடுவது என்றுதான் பேச்சு ஓடும்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் வாடகைக்கு வருபவர்கள் பலவகை. ஆட்சியர் அலுவலக ஊழியர், வங்கிக்காரர், ஆசிரியர், தனியார் மருத்துவமனைச் செவிலியர், சிமென்ட் ஆலை மெக்கானிக், பிள்ளை படிப்புக்காகக் கிராமத்திலிருந்து வந்த குடும்பம் என்று பட்டியல் நீளும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வீடு தேவைப்படாது. கடன் வாங்கிக் கட்டுமுன் காதில் விழும் பேச்சுகளைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ரூம் கூடினால் வாடகையும் அதற்கேற்பக் கூடும்.

உண்மை: கூடும். ஆனால் போட்ட பணத்துக்கு ஏற்பக் கூடுமா என்பதுதான் கேள்வி.

ஓர் உதாரணக் கணக்கு. உள்ளளவு 11க்கு 10 அடி அறை. மூன்று பக்கமும் முக்கால் அடிச் சுவர் சேர்த்தால் ஏறத்தாழ 135 சதுர அடி. சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்தால் 3,24,000. பழைய சுவரை உடைத்துக் கதவு வைப்பது, பூச்சு, பெயின்ட் என 26,000 சேருங்கள். மொத்தம் மூன்றரை லட்சம்.

இப்போது வாடகை 6,000. அறை வந்தபின் 7,500 கிடைக்கிறது என்போம். கூடுதல் வருமானம் ஆண்டுக்கு 18,000. அதில் பராமரிப்பு, கூடுதல் சொத்துவரி என்று 3,000 போனால் மிச்சம் 15,000. போட்ட முதலில் இது 4.3 சதவீதம். முதல் திரும்பி வர 23 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே மூன்றரை லட்சத்தை 9 சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கியிருந்தால் முதல் ஆண்டு வட்டியே சுமார் 31,500. மாதத்துக்கு 2,625 ரூபாய். கூடுதல் வாடகை வட்டிக்கே போதாது.

இதில் வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களைச் சேர்க்கவில்லை. 7,500 ரூபாய் வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் ஐந்து மாதக் கூடுதல் வாடகை போய்விடும். கட்டுவதற்காக இரண்டு மாதம் ஆளில்லாமல் வைத்தால் 12,000 நட்டம். அதுவே எட்டு மாதக் கூடுதல் வாடகை.

உங்கள் தெருவின் எண்களை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். அதே தெருவில் ஒரு பெட்ரூம் வீட்டுக்கும் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கும் இன்று உள்ள வாடகை வித்தியாசம் என்ன? அதைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள், அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்.

நம்பிக்கை 2: அரியலூரே சிமென்ட் ஊர், இங்கே கட்டுவது மலிவு.

உண்மை: சுண்ணாம்புக்கல் இங்கே பூமிக்கடியில் கிடைக்கிறது. அரசின் டான்செம் ஆலை 1979 முதல் அரியலூரில் இயங்குகிறது. ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு, இந்தியா சிமென்ட்ஸ் எல்லாமே இந்த மாவட்டத்தில் உண்டு. அதற்காகக் கடையில் மூட்டை விலை சல்லிசாகிவிடுவதில்லை. விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. ஆலையின் புகைபோக்கி உங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிவதால் தள்ளுபடி கிடைக்காது.

கிடைத்தாலும் பெரிய லாபமில்லை. இந்த அளவு அறைக்குச் சுமார் 55 மூட்டை போகும். மூட்டைக்கு 20 ரூபாய் குறைந்தால் மிச்சம் 1,100. கொத்தனார், சித்தாள் கூலி, கம்பி, எம்-சாண்ட், சென்ட்ரிங் ஆகியவைதான் செலவின் பெரும்பகுதி. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் ஓர் அறை கட்டுபவருக்கு அது முடிவை மாற்றும் தொகை அல்ல.

நம்பிக்கை 3: பின்சுவர் இருக்கிறது, மூன்று சுவர் எழுப்பினால் போதும்.

உண்மை: உங்கள் மனை எந்த மண்ணில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண் அதிகம். பெரம்பலூர், குன்னம், அரியலூர் வட்டாரங்களில் பருத்தி விளையும் கரிசல் பல இடங்களில் இருக்கிறது. கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேல்மட்டத்தில் போட்ட கடைக்கால் அந்த அசைவோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

பழைய வீடு பல ஆண்டுகளாகத் தன் இடத்தில் அமர்ந்து நிலைகொண்டுவிட்டது. புதிய அறை இனிமேல்தான் அமரும். இரண்டையும் பல் வைத்துப் பிணைத்துக் கட்டினால், சேருமிடத்தில் மேலிருந்து கீழாக விரிசல் விழும். மழைக்காலத்தில் அதன் வழியே ஓதம் இறங்கும். பூசிப் பூசி மறைத்தாலும் அடுத்த கோடையில் திரும்பவும் தெரியும்.

கரிசலில் செய்ய வேண்டியது, மண் அசையும் ஆழத்தைத் தாண்டிக் கடைக்காலை இறக்குவது, அடியில் மணல் அல்லது கிராவல் நிரப்புவது, பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் இடையே பிரிப்பு இணைப்பு விடுவது. கரிசலின் ஆழம் அதிகமானால் அடிப்பக்கம் குமிழ்போல் விரியும் பைல் போடுவார்கள். இதெல்லாம் சேர்ந்தால் முன்னே போட்ட மூன்றரை லட்சம் போதாது. மண்ணைப் பார்க்காமல் சொல்லும் கொட்டேஷனை நம்ப வேண்டாம்.

மாடியில் கட்டுவதானால் கேள்வி வேறு. கீழே பில்லர் போட்டிருக்கிறார்களா, வெறும் செங்கல் சுவர்தானா, கம்பி என்ன அளவு என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். "அந்தக் காலத்துக் கட்டடம், யானையைத் தாங்கும்" என்பது பொறியியல் அல்ல.

நம்பிக்கை 4: பத்துக்கு எட்டு இருந்தால் பெட்ரூம்தான்.

உண்மை: இரண்டு அறை உள்ள வீட்டில் ஓர் அறை 9.5 சதுர மீட்டருக்கும், மற்றது 7.5 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது, அகலம் 2.1 மீட்டராவது வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 7.5 சதுர மீட்டர் என்பது 81 சதுர அடி. பத்துக்கு எட்டு 80. பூச்சு ஏறினால் அதுவும் இருக்காது. இரட்டைக் கட்டிலும் பீரோவும் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது.

அதைவிட முக்கியம், அந்த அறை எதை மூடுகிறது என்பது. பின்பக்கம் இழுத்துக் கட்டினால் பழைய பெட்ரூம் ஜன்னலோ, சமையலறை ஜன்னலோ அடைபடும். கழிப்பறைக்குப் புதிய அறை வழியாகத்தான் போகவேண்டியிருந்தால் அது படுக்கையறை இல்லை, நடைபாதை. ஓர் அறையைக் கூட்டப்போய் இரண்டு அறையை இருட்டாக்கிய வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு.

தென்மேற்கில் பெட்ரூம் வந்தால் வாஸ்து சரி, வாடகை ஏறும் என்பதும் இதோடு சேர்ந்த நம்பிக்கை. வாஸ்து பார்க்கும் குடித்தனக்காரர் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்குள்ள கோடையில் மேற்குச் சுவர் மாலை முழுவதும் வெயில் குடித்து, இரவெல்லாம் அதை அறைக்குள் விடும். அந்தப் பக்கம் கட்டுவதானால் ஜன்னலுக்கு மேல் நல்ல சன்ஷேடும், மேல்தளத்தில் வெப்பம் தடுக்கும் ஓடும் தேவை. ஷீட் போட்ட அறையை மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வீடு பார்க்க வந்தவரிடம் காட்டிப் பாருங்கள். பதில் அங்கேயே தெரிந்துவிடும்.

நம்பிக்கை 5: என் இடம், ஒரு ரூம்தானே, அனுமதி எதற்கு?

உண்மை: இருக்கும் வீட்டோடு சேர்க்கும் அறையும் கட்டுமானம்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இங்கும் பொருந்தும். மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடத்தையும் சேர்த்து அடைத்துக் கட்டினால் பிரச்சினை பக்கத்து வீட்டுக்காரரிடம் தொடங்கி உள்ளாட்சி அலுவலகத்தில் முடியும்.

2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் தரைத்தளமும் ஒரு மாடியுமாக 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். உங்கள் கூடுதல் அறை எந்த முறையில் வரும் என்பதை நகராட்சியிலோ ஊராட்சியிலோ முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மனையே அங்கீகாரம் பெறாததாக இருந்தால், வரைபடத்துக்கு முன் மனையை வரன்முறைப்படுத்தும் வேலை இருக்கிறது. அந்தச் செலவையும் கணக்கில் எழுதுங்கள்.

நம்பிக்கை 6: ஆள் குடியிருக்கும்போதே கட்டிவிட்டு அடுத்த மாதம் வாடகையை ஏற்றிவிடலாம்.

உண்மை: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்டது. வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் உள்ளபடிதான். குடியிருக்கும் வீட்டில் கூடுதலாகக் கட்டி அதற்காக வாடகையை உயர்த்த வேண்டுமானால், வேலை தொடங்குவதற்கு முன்பே குடியிருப்பவரோடு தொகையைப் பேசி முடித்திருக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்தே அந்த உயர்வு நடைமுறைக்கு வரும்.

எனவே, சிமென்ட் இறக்குமுன் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "ஒரு ரூம் சேர்த்தால் 1,500 கூடத் தருவீர்களா?" என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதில், எந்தப் புரோக்கரின் மதிப்பீட்டையும்விட நம்பகமானது. "ரூம் வேண்டாம் சார், பாத்ரூமையும் கக்கூஸையும் தனித்தனியாகப் பிரித்துத் தாருங்கள்" என்று அவர் சொல்லவும் கூடும்.

நம்பிக்கை 7: ஃபேக்டரி வருகிறது, இனி எவ்வளவு கட்டினாலும் ஆள் வரும்.

உண்மை: வந்தவை உண்டு. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2022இல் அடிக்கல் நாட்டிய காலணி ஆலை 2023இல் திறக்கப்பட்டது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்.

வராதவையும் உண்டு. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கு 1990களில் நிலம் எடுக்கத் தொடங்கினார்கள். திட்டம் வராமலே போய், நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. பெரம்பலூரில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென வாங்கிய நிலமும் பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. அறிவிப்பை நம்பிக் கடன் வாங்கியவர்கள் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆலை வந்தாலும் யார் வாடகைக்கு வருவார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். காலணி ஆலைகள் பெரும்பாலும் சுற்றுக் கிராமப் பெண்களை வேலைக்கு எடுக்கின்றன. அவர்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து போவார்கள். மருத்துவ மாணவர்களுக்கு விடுதி உண்டு. வீடு தேடுபவர்கள் சூப்பர்வைசர், தொழில்நுட்பப் பணியாளர், மாற்றலாகி வரும் ஊழியர். குடும்பத்தோடு வருபவருக்கு இரண்டு பெட்ரூம் தேவைப்படலாம். தனியாக வருபவருக்குச் சின்ன போர்ஷனே போதும். இடமிருந்தால், தனி வாசலும் தனி மின் இணைப்பும் உள்ள ஒற்றை அறை போர்ஷன், இரண்டாவது பெட்ரூமைவிட அதிகம் தரக்கூடும். ஒரு போர்ஷன் காலியானாலும் மற்றதில் வாடகை வந்துகொண்டிருக்கும். ஆனால் அதற்குக் குளியலறை, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி என்று செலவும் கூடும்.

நம்பிக்கை 8: கட்டிய செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் விற்கும்போது வந்துவிடும்.

உண்மை: வாடகை வருமானத்தில், கட்டிய சொத்துவரியைக் கழித்தபின் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு. நீங்கள் ஆயிரம் செலவழித்தாலும் லட்சம் செலவழித்தாலும் அதே 30தான். கட்டுவதற்கு வாங்கிய கடனின் வட்டியைக் கழிக்கலாம். கட்டுமானச் செலவை ஆண்டு வருமானத்தில் கழிக்க முடியாது. வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் அது மேம்பாட்டுச் செலவாகச் சேரும். பில்களைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் அதுவும்.

விற்பனையிலோ, இந்த ஊர்களில் வாங்குபவர் முதலில் பார்ப்பது மனையின் அளவும் சாலையும் பத்திரமும்தான். பழைய கட்டடத்துக்கு அவர் போடும் விலை ஆண்டுக்காண்டு தேயும்.

அப்படியானால் கட்டவே கூடாதா?

கட்டலாம். அதற்கு நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. உங்கள் தெருவில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு உண்மையிலேயே கிடைக்கும் கூடுதல் வாடகை, கடன் வட்டியைவிட அதிகமாக இருக்க வேண்டும். மண்ணும் பழைய கட்டடமும் இடம்கொடுப்பதாகப் பொறியாளர் எழுத்தில் சொல்ல வேண்டும். பழைய அறைகளின் காற்றும் வெளிச்சமும் கெடக்கூடாது. தண்ணீர், கழிப்பறை, மேல்தள ஒழுகல் ஆகியவற்றில் பாக்கி வேலை எதுவும் இருக்கக்கூடாது. கோடையில் வற்றும் போர், உப்பு ஏறிய குழாய், மழையில் சொட்டும் கூரை இவற்றோடு நிற்கும் வீட்டில் எத்தனை பெட்ரூம் சேர்த்தாலும் குடித்தனக்காரர் பள்ளி விடுமுறை வந்ததும் காலி செய்துவிட்டுப் போவார்.

இந்த நான்கில் ஒன்று தவறினாலும் மூன்றரை லட்சத்தைச் சுவரில் போடாதீர்கள். அதில் ஐம்பதாயிரத்தை எடுத்துக் கூரை ஒழுகலையும் கழிப்பறையையும் சரிசெய்யுங்கள். மீதியை வங்கியில் போடுங்கள். சின்ன வாடகை வீட்டில் லாபம் தருவது காலியில்லாத பன்னிரண்டு மாதங்கள்தான்.