கோலார் தங்கமும் சயனைடு மேடுகளும்

பொன்னை விரும்பாதார் யார்? மணவறை முதல் அடகுக் கடை வரை பொன்னின்றி நம் வீடுகளில் எதுவும் நடப்பதில்லை. நகைக் கடையில் மில்லிகிராம் வரை நிறுத்துக் கணக்குச் சொல்கிறார்கள். அந்தப் பொன்னுக்காகத் தோண்டிக் கொட்டிய மண்ணின் கணக்கை யாரும் கேட்பதில்லை. கோலார் தங்க வயலை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போம்.

கர்நாடக மாநிலத்திலுள்ள இவ்வயலில் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி எந்திரங்களைக் கொண்டு சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் கிடைத்த தங்கம் சுமார் 800 டன். இன்று அங்கே 13 மேடுகளாகக் குவிந்து கிடக்கும் கழிவு மண்ணோ சுமார் 3 கோடியே 30 லட்சம் டன்! வகுத்துப் பாருங்கள். கிராம் ஒன்றுக்கு நாற்பது கிலோவுக்கு மேல் வருகிறது. எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு 330 கிலோ, அதாவது நான்கு மூட்டை அரிசியின் எடைக்கும் அதிகம். மேடுகளில் எஞ்சி நிற்பதை மட்டுமே கொண்டு போட்ட கணக்கு இது.

இம்மண் எவ்வாறு உண்டாயிற்று? பொன் இங்கே படிகக்கல் பாறையினுள் கண்ணுக்குப் புலப்படாத துகள்களாகக் கலந்திருந்தது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலைச் சேர்த்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு பொன் கரைந்துவிடும். பின்னர்த் துத்தநாகத்தைக் கொண்டு அதைப் பிரித்தெடுப்பர். எஞ்சிய மாவுதான் மேடாயிற்று. மக்கள் இவற்றைச் சயனைடு மேடு என்றே அழைக்கின்றனர். உண்மையில் சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிதையாதது தூசி. பாறையை மாவாக்கியதால் அது காற்றடிக்கும்போதெல்லாம் எழுந்து குடியிருப்புகளின்மேல் படிகிறது. மழை பெய்தால் கரைந்து வயல்களிலும் ஏரிகளிலும் இறங்குகிறது. பெயர் நஞ்சைச் சொல்கிறது. தொல்லையோ தூசியிடம் இருக்கிறது.

மேலே இப்படியென்றால், பூமிக்கடியில் நிலை இன்னும் கொடிது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசையும் தாண்டியது. தாது எடுத்த இடம் வெற்றிடமாக, மேலுள்ள பாறையின் பளு முழுவதும் விடப்பட்ட தூண்களின்மேல் விழும். தாங்காத தூண் திடீரென நொறுங்கும். அதன் அதிர்ச்சியில் தரைமீதுள்ள வீடுகளும் நிலநடுக்கம் போல் ஆடின.

அந்த ஆழத்தில் உழைத்தவர் யாவர்? பெரும்பாலும் நம் வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். பண்ணையடிமையாக இருப்பதைவிடச் சுரங்கம் மேல் என்று போனவர்கள். அங்கே சங்கம் கண்டார்கள், பள்ளிக்கூடம் கண்டார்கள். ஆகவே, சுரங்கத்தால் தீமையே விளைந்தது என்று எழுதிவிட என் மனம் ஒப்பவில்லை. ஆனால் துளையிடும்போது எழுந்த சிலிக்காத் தூசி அவர்களுடைய நுரையீரலில் தங்கிற்று. நுரையீரலை இறுகச் செய்யும் இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். 1940-களில் இங்கே சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளருள் 43.7 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. வேலையை விட்டு ஊர் திரும்பினாலும் இது நிற்காது. உள்ளே சென்ற தூசி தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். தீர்க்கும் மருந்தும் இல்லை.

மின்சாரத்தின் கதை தனி. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் வந்தது இச்சுரங்கங்களுக்கே. சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு விளக்கு வந்தது நெடுங்காலம் கழித்துத்தான்.

சுரங்கம் மூடிய பிறகு நகரத்தார் பலர் நாள்தோறும் விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பாறையைக் குடைந்த குடும்பங்களுக்கு மேடுகள்தாம் மீந்தன.

அந்த மேடுகளுக்கும் இப்போது விலை வந்திருக்கிறது. டன்னுக்குச் சுமார் ஒரு கிராம் பொன் எஞ்சியிருப்பதாகச் சொல்கிறார்கள். மேடுகளை ஏலம் விட்டுப் பொன்னெடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. பொன்னெடுக்க வேண்டுமாயின், இறுகிப்போன மண்ணை மறுபடியும் கலைத்து நீர்விட்டுக் கரைக்க வேண்டும். அந்த நீர் எந்த ஏரியிலிருந்து வரும்? டன்னுக்கு ஒரு கிராம் போக, மீதியை எங்கே கொட்டுவார்கள்? அங்குள்ளோர் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.