ஐந்து பல்லும் ஒரு கடைவாய்ப் பல்லும்

சொத்தையான கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வீடு வந்தேன். கடித்திருந்த பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. ராத்திரி பத்து மணிக்கும் ரத்தக் கசிவு நிற்காமல், அதே டாக்டரிடம் ஓடினேன். ரத்தம் இளக ஆஸ்பிரினும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் எடுப்பதை முன்பே சொல்லியிருந்தேன். "வேற என்ன சாப்பிடுறீங்க?" என்றார் அந்தப் பெண் டாக்டர். ஒன்றுமில்லை என்றேன். கூட வந்த மனைவிதான், "காலையில வெறும் வயித்துல அஞ்சு பல் பச்சைப் பூண்டு" என்று போட்டுக்கொடுத்தாள்.

"மருந்துன்னுதானே சாப்பிடுறீங்க? அப்ப மருந்தோட சேர்த்துச் சொல்லணும்ல சார்?"

பதில் இல்லை. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைப் பூண்டு தடுக்கும். ஆஸ்பிரினும் அதைத்தான் செய்கிறது. இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் கசியத்தான் செய்யும். பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போகிறவர்கள், பச்சைப் பூண்டை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்பே என்பார்கள் பெரும்பாலும்.

இதற்காகப் பூண்டை நான் கைவிடவில்லை. பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைப் பூண்டில் வளர்ந்த உடம்பு இது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல்தான் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். என் நாக்கு எப்போதோ கொடுத்துவிட்டது.

அம்மா பூண்டை அம்மியில் ஒரு தட்டுத் தட்டி ஓரமாக வைத்துவிட்டுத்தான் வெங்காயம் உரிக்க உட்காருவாள். ஏனென்று கேட்டால் "அப்படித்தான்" என்பாள். காரணம் பிறகுதான் படித்தேன். பூண்டுப் பல்லுக்குள் அல்லீன் ஓர் அறையிலும் அல்லினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கினால்தான் இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகும். நெடியும் காரமும், கிருமியைக் கொல்லும் குணமும் அதனுடையவை. முழுப் பல்லைச் சூடான எண்ணெயில் போட்டால் நொதி முதலிலேயே செத்துப்போகும். தட்டி, பத்து நிமிஷம் பொறுத்துப் போடுங்கள். பூண்டுக் குழம்புக்கு முழுப் பல்தான் ருசி என்பது வேறு வழக்கு. அதில் நான் ருசியின் பக்கம்.

அந்தக் காரத்தைத் தோலில் மட்டும் வைத்துக் கட்டாதீர்கள். ஒருமுறை கால்விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு அரைத்து வைத்துத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் நெருப்புப் பட்டதுபோல் கொப்புளம். சேற்றுப்புண் ஆறு நாளில் போனது. கொப்புளம் ஆற மூன்று வாரம்.

உரித்த பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அடுப்படியில் வாரக்கணக்கில் வைப்பதும் ஆபத்து. காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலினம் என்ற கொடிய நச்சுக் கிருமி வளரலாம்.

ரத்த அழுத்தத்தைப் பூண்டு கொஞ்சம் இறக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் 'கொஞ்ச'த்தை நம்பி மாத்திரையை நிறுத்தியவன் இல்லை நான். அந்த மட்டுக்குப் புத்தி இருந்தது. இப்போது டாக்டரிடம் கேட்டு, ஐந்தை இரண்டாக்கிவிட்டேன், அதுவும் சாப்பாட்டோடு. நெஞ்செரிச்சலும் போயிற்று. சட்டைப்பையில் இருக்கும் மாத்திரைச் சீட்டின் கடைசி வரியில் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்: பச்சைப் பூண்டு, 2 பல்.